6 ஏக்கர் தென்னை, வாழை, மக்காச்சோளம்: எத்தனை எச்.பி. டிராக்டர் பொருந்தும்?

உடுமலைத் தோப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு 6 ஏக்கர் நிலம் இருக்கிறது. பட்டா என் தாயார் பெயரில் உள்ளது. 3 ஏக்கரில் 25 அடி இடைவெளியில் நட்ட, முப்பது வயதைக் கடந்த தென்னை நிற்கிறது. ஓர் ஏக்கரில் நான்கு வயதுத் தென்னையும் அதற்கு இடையே 6 அடிக்கு 6 அடி வாழையும் உள்ளன. மீதி 2 ஏக்கர் செம்மண் காடு. வாய்க்காலில் தண்ணீர் வரும் பருவத்தில் அங்கே மக்காச்சோளம் விதைக்கிறோம்.

இதுவரை எல்லா உழவையும் வாடகை வண்டியை வைத்தே செய்துவந்தோம். ஆனால் எங்கள் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்தவுடன் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி தேவைப்படுகிறது. சென்ற முறை பன்னிரண்டு நாள் காத்திருந்து, பதம் போன பிறகு உழுது விதைத்ததால் முளைப்பு மிகவும் குறைந்துவிட்டது. எனவே சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். விற்பனையாளர் ஒருவர் 47 எச்.பி. வாங்கினால் பின்னாளில் குறை தெரியாது என்கிறார். பக்கத்துத் தோட்டத்து அண்ணனோ 24 எச்.பி. போதும் என்கிறார். கடனாக 5 லட்சம் வரை வாங்க முடியும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆனைமலை விவசாயி:

தம்பி, எத்தனை எச்.பி. என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்து, வண்டி நுழைய வேண்டிய இடங்களிலேயே மிகக் குறுகலான இடம் எது என்று பாருங்கள். 25 அடி இடைவெளியில் நிற்கும் முதிர்ந்த தோப்பில் 47 எச்.பி. வண்டியும் தாராளமாகத் திரும்பும். அந்த 3 ஏக்கரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்கப்போவது அந்த ஓர் ஏக்கர் வாழைதான். 6 அடி இடைவெளி என்பது கன்று நட்ட நாளில் மட்டும்தான் 6 அடி. பக்கக் கன்றும் இலையும் விரிந்த பிறகு உள்ளே போகும் வண்டியின் மொத்த அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. அதுவும் முதல் நான்கைந்து மாதங்களுக்குத்தான். அதன் பிறகு பவர் வீடர் என்னும் சிறு களையெடுக்கும் இயந்திரம் அல்லது ஆள்தான் வழி. வாழைக்கு வருடம் முழுவதும் டிராக்டர் உதவும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்கு வயதுத் தென்னையின் மட்டைகள் தலை உயரத்தில் விரிந்திருக்கும். புகைபோக்கி மேலே நிமிர்ந்து நிற்கும் வண்டி ஒவ்வொரு வரிசையிலும் மட்டையில் மோதும், சூட்டில் ஓலையும் கருகும். புகைபோக்கி பக்கவாட்டில் தாழ்ந்திருக்கும் மினி டிராக்டர்கள் கிடைக்கின்றன, அவற்றைப் பாருங்கள். இட்டேரியின் (தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம்) அகலத்தையும் வாய்க்கால் மீதுள்ள சிறு பாலத்தின் அகலத்தையும் மறவாமல் அளந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் வாங்கிய பெரிய வண்டி, அவருடைய பாலத்தில் ஏற முடியாமல் இரண்டு மாதம் அடுத்தவர் களத்திலேயே நின்றது.

பண்ணைப்பொறி:

ஆனைமலை ஐயா சொன்னதோடு இயந்திரக் கணக்கையும் சேர்க்கிறேன். விளம்பரத்தில் சொல்லப்படுவது எஞ்சினின் எச்.பி. மண்ணைக் கிளறும் சுழல் கருவியான ரோட்டவேட்டரைச் சுழற்றுவது, வண்டியின் பின்னால் கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேரும் திறன். அது பொதுவாக எஞ்சின் திறனில் 85 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதாவது 27 எச்.பி. வண்டியில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 23. இது 4 அடி ரோட்டவேட்டருக்குப் போதும். 5 அடிக்கு 35 எச்.பி. எஞ்சினும், 6 அடிக்கு 45 எச்.பி. எஞ்சினும் வேண்டும் என்பது நடைமுறை அளவு. கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வண்டிக்கு வாருங்கள்.

அகலம் கூடினால் வேலை வெகு சீக்கிரம் முடியும் என்ற எண்ணத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில், திரும்பும் நேரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், 4 அடி ரோட்டவேட்டர் ஒரு மணி நேரத்தில் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகவும், 6 அடி ரோட்டவேட்டர் ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகமாகவும் ஓட்டும். உங்கள் 2 ஏக்கர் மக்காச்சோளக் காட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காக ஒரு டன் எடையை வருடம் முழுவதும் கூடுதலாக நிலத்தின் மீது ஓட்ட வேண்டியதில்லை.

சிறிய வண்டியால் முடியாதவையும் உண்டு; அவற்றை மறைப்பது நியாயமில்லை. ஒன்பது கொத்து (கொழுமுனை) உள்ள கலப்பையையும் மூன்று சட்டி (வட்டத் தட்டு) உள்ள கலப்பையையும் 27 எச்.பி. இழுக்காது, ஐந்து கொத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடிமண் இறுகிய நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 40 செ.மீ. ஆழத்துக்கு உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறார்கள் அல்லவா, அதற்கு 35 முதல் 45 எச்.பி. வேண்டும். தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்துக்கும் பெரும்பாலும் பெரிய வண்டியே தேவைப்படும். ஆனால் இவை எப்போதோ ஒருமுறை வரும் வேலைகள். தமிழக அரசின் உழவன் கைப்பேசிச் செயலியின் வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகளை வாடகைக்கு முன்பதிவு செய்யலாம். தண்ணீர் திறக்காத மாதத்தில் பதிவு செய்தால் நெருக்கடி இருக்காது. எந்த வண்டி வாங்கினாலும் நான்கு சக்கர இயக்கம் உள்ளதாக வாங்குங்கள். எடை குறைந்த வண்டி ஈர மண்ணில் வழுக்காமல் இழுப்பதற்கு முன் சக்கரங்களின் பிடிப்பு அவசியம்.

அமராவதிக்கரை:

நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மடத்துக்குளம் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் தோப்பு. பெரிதாக இருந்தால் வெளி வேலைக்கும் ஓடும் என்று 2019-இல் 45 எச்.பி. வண்டி வாங்கினோம். ஓட்டுநர் கிடைக்காததால் வெளி வேலைக்கு அது பெரிதாக ஓடவில்லை. சொந்த நிலத்தில், பாசனம் முடிந்து ஈரம் காயும் முன்பே அவசரப்பட்டு ஓட்டிய வரிசைகளில் மண் இறுகி, இன்றும் மழை பெய்தால் அங்கே மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வண்டியின் திறனுக்கேற்ப ஆழமாக உழுததில் மரத்தடி வேர்களும் அறுந்தன. தென்னையின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருப்பவை. அந்த வட்டத்துக்குள் எந்த வண்டியையும் விடாதீர்கள்.

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். 5 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டின் வட்டி மட்டுமே ஏறத்தாழ 50,000 ரூபாய். உங்கள் 6 ஏக்கருக்கு ஆண்டில் 40 மணி நேர உழவு, மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வைத்தால் மொத்தம் 48,000. சொந்த வண்டிக்கான அசல், டீசல், பழுது எதுவும் அந்த வட்டிக் கணக்கில் சேரவில்லை. நேரத்துக்கு உழுவதால் கிடைக்கும் கூடுதல் விளைச்சலும், அக்கம்பக்கத்தில் ஓட்டி வரும் வருமானமும் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

டிராக்டர் வாங்குவதற்கான அரசு மானியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 6 ஏக்கர் என்பதால், சிறு விவசாயிக்கான 5 ஏக்கர் வரம்பை நீங்கள் தாண்டிவிடுகிறீர்கள். ஆனால் பட்டா தாயார் பெயரில் இருப்பதால் பெண் விவசாயி என்ற பிரிவில் விண்ணப்பிக்கலாம். அந்தப் பிரிவுக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம், பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். ஒப்புதல் வரும் முன் வண்டியை எடுத்துவிட்டால் மானியம் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

உடுமலைத் தோப்பு:

ஆனைமலை ஐயாவுக்கும் அமராவதிக்கரை அக்காவுக்கும் பண்ணைப்பொறி அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அளந்தேன். இட்டேரி 8 அடி இருக்கிறது. பாலம் 6 அடிக்குச் சற்றுக் குறைவு. வாழை வரிசையில் இலை விரிந்த பிறகு மிஞ்சுவது 4 அடி 3 அங்குலம். 47 எச்.பி. வண்டி அந்தப் பாலத்தில் ஏறினாலும் இருபுறமும் விரலளவுதான் மிஞ்சும்.

எனவே 27 எச்.பி. அளவில், நான்கு சக்கர இயக்கமும் தாழ்ந்த புகைபோக்கியும் உள்ள வண்டியை, மொத்த அகலம் 4 அடிக்கு மிகாமல் பார்த்து வாங்கலாம் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். ரோட்டவேட்டரையும் அந்த அகலத்துக்குள்ளேயே தேர்ந்தெடுப்பேன். உளிக்கலப்பை வேலைக்குத் துறையின் வண்டியைப் பதிவு செய்துகொள்கிறேன். அக்கா சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூவரிடம் பேசினேன். அவர்களுடைய 11 ஏக்கர் தோப்பையும் நானே ஓட்டித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை தாயாரை அழைத்துக்கொண்டு, பட்டாவுடன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போகிறேன். ஒப்புதல் வந்த பிறகே முன்பணம் கட்டுவேன்.