நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி படிக்க ஆசை, அம்மா பயப்படுகிறார்

குளச்சல்_மாணவி:
பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன், வேதியியல் துணைப்பாடம். கல்லூரியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நியூக்ளியர் மெடிசின் பிரிவில், நோயாளிக்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு எலும்பு ஸ்கேன் எடுப்பதைப் பார்த்ததில் இருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடம்புக்குள் போகிறது, இங்கே உடம்புக்குள்ளிருந்து வெளியே வருகிறது! ஆனால் அம்மா கதிர்வீச்சுக்குப் பயந்து ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். "நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது என்ன ஆகும்?" என்கிறார். மகளாக எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

காமாகேமரா:
தங்கச்சி, நான் தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே வேலைதான் பார்க்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் நான் இந்த வேலையில் இருக்கும்போது பிறந்தவர்கள். அம்மா கேட்டது நியாயமான கேள்வி, அதையே முதலில் எடுக்கிறேன்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நமக்கு வைத்திருக்கும் கதிர்வீச்சு வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், மீதிக் காலம் முழுவதற்கும் வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான். நான் சொன்ன உடனே, கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் அறையான ஹாட் லேபிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சொல்வதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், உங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலைப் பற்றியும் அம்மாவிடம் பேசு. அதில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கத் தோரியம் இருப்பதால் அந்தக் கடலோரத்தில் இயற்கையாகவே கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். அளவு எவ்வளவு என்று கேட்கப் பழகினால் பயம் தானாக ஒரு எல்லைக்குள் வரும்.

இனி வேலை. காலையில் ஹாட் லேப். ஈயக் கூட்டுக்குள், ஸ்கேனுக்கு வேண்டிய கதிரியக்கப் பொருளைத் தரும் ஜெனரேட்டர் இருக்கும், அதில் மாலிப்டினம்-99. அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 66 மணி நேரம். அது சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகும், அதற்கு 6 மணி நேரம்தான். சலைனை உள்ளே இழுக்கவிட்டால் மாலிப்டினம் உள்ளே இருக்கும் அலுமினாவில் ஒட்டி நின்றுவிடும், டெக்னீசியம் குப்பிக்கு வரும். மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே எதிலும் கலப்போம். டெக்னீசியத்தை அந்தந்த உறுப்புக்குக் கொண்டுபோகும் மருந்து தனித்தனி, எலும்புக்கு எம்.டி.பி., சிறுநீரகத்துக்கு டி.டி.பி.ஏ. என்று.

புற்றுநோயைத் தேடும் பெட்-சி.டி. ஸ்கேன் பக்கம் இன்னும் பரபரப்பு. ஃப்ளோரின்-18க்கு அரை ஆயுள் 110 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் எங்கள் ஊரில் இல்லை, அது சேர்ந்த எஃப்.டி.ஜி. மருந்து வண்டியில் வருகிறது. வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் பாதிக்கு மேல் போய்விடும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளிக்குப் பதில் சொல்வதும் நீதான்.

நம் கைக்குக் கதிர் அதிகம் படுவது மருந்து டோஸை எடுக்கும்போதும் ஊசி போடும்போதும்தான். நரம்பு கிடைக்காமல் தடுமாறினால் விரல்தான் வாங்கும். அதனால் முதலில் நரம்பில் கேனுலா என்ற சிறு குழாயைப் போட்டு, சலைன் விட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டோஸைத் தொடுவோம். பயிற்சியில் வெறும் சலைன் சிரிஞ்சை வைத்துக் கை பழகும்வரை விடாதே. ஊசி போட்டதும் விலகி நில். தூரத்தை இரட்டித்தால் படுவது ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

படிப்புக்கு, மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963 முதல் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ், மணிப்பால் ஆகிய இடங்களிலும் எம்.எஸ்சி. உண்டு. இடங்கள் குறைவு, அறிவிப்பை இப்போதிருந்தே பார்த்துக்கொண்டிரு. வேறு எங்கே சேர்வதானாலும் அந்தப் படிப்பை வாரியம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பட்டத்தை வாங்கிக்கொண்டு ஹாட் லேபுக்குள் நுழைய முடியாமல் நின்ற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், மனசு தாங்கவில்லை.

லுட்டீசியம்:
நான் இந்தத் துறையில் எம்.டி. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான வழி அது. இங்கே படம் எடுப்பதோடு சிகிச்சையும் இருக்கிறது. 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். இன்று நியூரோ எண்டோக்ரைன் கட்டிக்கும் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) பிராஸ்டேட் புற்றுக்கும் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்து கொடுக்கிறோம். இதற்கான மருந்துகளை அமெரிக்கா 2018-லும் 2022-லும் அனுமதித்தது. கை தேர்ந்த டெக்னாலஜிஸ்ட் இல்லாமல் இந்தச் சிகிச்சையை நாங்கள் தொடவே முடியாது. தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

தைராய்டு_நோயாளி:
அயோடின்-131 கொடுத்து என்னைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். யாரும் பக்கத்தில் வரமுடியாது. டெக்னாலஜிஸ்ட் பெண் வாசலில் நின்று, மீட்டரில் எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினமும் சொல்வாள். அந்த எண்ணைக் கேட்கத்தான் காத்திருப்பேன். நல்ல வேலை மா, படி.

குளச்சல்_மாணவி:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். ஊழியர்கள் அணியும் கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜில் எவ்வளவு ஏறியது என்று நாமே பார்க்க முடியுமா, மருத்துவமனை மறைத்துவிடுமா?

காமாகேமரா:
பார்க்கலாம். அந்த டி.எல்.டி. பேட்ஜை மருத்துவமனை படிப்பதில்லை, அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகம் படிக்கிறது. உன் பெயரில் ஒரு எண் தருவார்கள், எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் அதே எண்ணில்தான் கணக்குச் சேரும். ஒவ்வொரு அறிக்கை வரும்போதும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு நகல் எடுத்து வைத்துக்கொள். முதல் நகலை அம்மாவிடமே கொடு.