டோக்கியோவில் மளிகை பில் கையைக் கடிக்கிறது, நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிஷிகசாய்_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக இந்த வருஷம் (2025) ஏப்ரலில் டோக்கியோவில் நம்மாட்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பகுதிக்கு வந்தோம், கூட ஐந்து வயதுப் பையன். வாடகை, ரயில் செலவெல்லாம் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்திருந்ததால் அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. மளிகைதான் புரியவே மாட்டேன் என்கிறது. இந்தியக் கடையில் ஐந்து கிலோ பொன்னி புழுங்கல் மூவாயிரம் யென் பக்கம் வருகிறது, ஊரில் காய்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு இங்கே தனி பில், நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இங்கே கிடைப்பதைச் சாப்பிடப் பழகு என்கிறார் கணவர், ஆனால் இட்லி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் முதலில் முகம் தூக்குவதும் அவர்தான்.

கடைக்காரர்கள்தான் கொள்ளை அடிக்கிறார்களா, இல்லை வேறு காரணம் இருக்கிறதா? எதை விட்டுவிடலாம், எதை விடவே முடியாது? அடுத்த மாதம் அம்மா வருகிறார், அவரிடம் என்னென்ன கொடுத்துவிடச் சொல்லலாம்?

சைத்தாமா_அண்ணாச்சி

கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள் தங்கச்சி, அரிசி விஷயத்தில் அவரும் பாவம். ஜப்பான் தன் நெல் விவசாயிகளைக் காப்பாற்ற வெளிநாட்டு அரிசிக்குப் பெரிய சுவர் கட்டி வைத்திருக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 7.7 லட்சம் டன் வரைதான் இறக்குமதி வரி இல்லாமல் ஒதுக்கீட்டில் வரும். அதிலும் பெரும்பகுதி தீவனத்துக்கும் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் போய்விடும், நேரடியாகச் சமைத்துச் சாப்பிட வருவது ஒரு லட்சம் டன் அளவுதான், அதற்கும் ஏலம் உண்டு, அரசுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். ஒதுக்கீட்டுக்கு வெளியே கொண்டுவந்தால் கிலோவுக்கு 341 யென் வரி. ஐந்து கிலோ மூட்டைக்கு 1,705 யென்! அரிசியின் விலை, கப்பல் கூலி, கிடங்கு வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். கடைசியில் உணவுப் பொருளுக்கான 8 சதவீத நுகர்வு வரி வேறு.

இந்தியா தன் பங்குக்கும் செய்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினார்கள், ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். 2024 செப்டம்பர், அக்டோபரில் எல்லாம் விலகியது. ஏறின விலை அதே வேகத்தில் இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

அப்புறம் யென். 2021 தொடக்கத்தில் நூறு யென் கிட்டத்தட்ட 70 ரூபாய், 2024 ஜூலையில் 52 ரூபாய்க்கு விழுந்தது. இறக்குமதி செய்கிறவர் டாலரில் பணம் கட்டுகிறார், நாம் யெனில் சம்பளம் வாங்குகிறோம். ஊருக்குப் பணம் அனுப்பும்போது ஒரு அடி, மளிகைக் கடையில் இன்னொரு அடி.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வருஷம் மே மாதம் ஜப்பான் அரிசியே சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோ 4,200 யெனைத் தாண்டியது, போன வருஷம் இதே சமயம் அதில் பாதிதான். அரசு கையிருப்பு அரிசியைத் திறந்துவிட்டது, ஏயான் சூப்பர் மார்க்கெட் கலிஃபோர்னியாவின் கால்ரோஸ் ரக அரிசியைக் கொண்டுவந்து விற்றது. அந்தக் கணக்கில் உங்கள் மூவாயிரம் யென் பொன்னி இன்றைக்கு மலிவு அரிசி. அதனால் அரிசியில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், மற்றதில் பாருங்கள்.

கருவாட்டுப்_பிரியன்

அண்ணாச்சி சொன்ன அந்த "மற்றதில்" நான் வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் இந்தியக் கடையிலேயே வாங்குகிறார்கள், பில் எகிறுவது அங்கேதான். பக்கத்துத் தெரு ஜப்பான் கடையில் நம் சமையலுக்குப் பாதிப் பொருள் இருக்கிறது, பெயர்தான் வேறு. சாத்தோய்மோ என்று மண்ணோடு வைத்திருப்பார்களே, அது சேப்பங்கிழங்குதான், ரோஸ்ட் பண்ணினால் ஊரில் சாப்பிடுவதற்குக் குறைவில்லை. கோயா என்றால் பாகற்காய். தைக்கோன் முள்ளங்கி சாம்பாருக்கு. கபோச்சாவில் பூசணிக் கூட்டு வைக்கலாம், இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், புளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெண்டைக்காய் கோடையில் மலிவு, இங்கேயும் அதற்கு ஒக்ரா என்றுதான் பெயர்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கொடுத்து வைத்தவர்கள். இவாஷி நம் மத்தி வகை, சபா என்பது கானாங்கெளுத்தியின் சொந்தக்காரன். முக்கியமான விஷயம்: தாஷி (ஜப்பான் சூப்புக்கான சாறு) வைப்பதற்காக நிபோஷி என்று ஒரு பாக்கெட் எல்லாக் கடையிலும் தொங்கும். பிரித்து மோந்து பாருங்கள். நெத்திலிக் கருவாடு! அவித்துக் காயவைத்தது, அதனால் உப்பு குறைவு, தலையைக் கிள்ளிவிட்டுக் கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லவும் மாட்டார், ஏனென்றால் அவர் வீட்டிலும் அதே வாசனைதான்.

நல்லெண்ணெய்க்குச் சாதாரண கோமா அபுரா வாங்காதீர்கள், அது வறுத்த எள்ளில் எடுத்தது, குழம்பே கருகின மாதிரி வாடை அடிக்கும். தைஹாக்கு என்று போட்டிருப்பதைப் பாருங்கள், வறுக்காத எள். விலை அதுவும் மலிவில்லை, இட்லிப் பொடிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை, தேங்காய்ப்பால் போன்றவற்றுக்குக் கியோமு சூப்பர் என்ற சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள்.

யோகோஹாமா_அம்மா

கருவாட்டுப் பிரியன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் அவர் தனியாளாகச் சமைக்கிறவர் என்று தெரிகிறது. வீட்டில் குழந்தை இருந்தால் கதை வேறு. என் மகளுக்குக் கபோச்சாவில் எது செய்தாலும் தட்டு ஓரத்துக்குப் போய்விடும். இட்லி அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, பெருங்காயம் இந்த நாலில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜப்பான் அரிசியில் இட்லி வரும் என்று சிலர் சொல்வார்கள், வரும், தட்டிலிருந்து வராது.

பணம் உண்மையில் போவது மசாலாப் பொடிகளிலும் ரெடி மிக்ஸிலும் உறைந்த பரோட்டாவிலும்தான். முழு மல்லி, மிளகாய், மிளகு, சீரகம் கிலோ கணக்கில் வாங்கி வீட்டில் அரைத்தால் செலவு நன்றாகக் குறையும். இங்கே கரண்ட் 100 வோல்ட், ஊர் மிக்ஸியைச் செருகினால் முனகிக்கொண்டு நிற்கும். அமெரிக்காவுக்கு என்று செய்யும் 110 வோல்ட் மிக்ஸி சென்னையில் கிடைக்கிறது, கொஞ்சம் மெதுவாக ஓடும், ஓடும். அம்மா வருகிறார் என்றால் அரிசிக்குப் பதில் அதைக் கேளுங்கள், தங்கம் மாதிரி.

நாலைந்து குடும்பம் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடுங்கள், கூரியர் கட்டணம் பிரிந்துவிடும். நிஷிகசாயில் இருந்துகொண்டு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஒசாகா_தம்பி

எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா? நாம் இங்கே வாங்குவது ஜப்பான் சம்பளம், ஊர் விலையோடு ஒப்பிட்டுப் புலம்புவதில் அர்த்தமில்லை. துவரம்பருப்பை இந்தியாவே மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இறக்குமதி செய்கிறது, அது இரண்டு கடல் தாண்டி இங்கே வந்து மலிவாக இருக்க வேண்டும் என்றால் எப்படி?

யோகோஹாமா_அம்மா

தம்பி, கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசலாம்.

நிஷிகசாய்_புதுசு

எல்லோருக்கும் நன்றி. நிபோஷி பாக்கெட்டை நாய்த் தீனி என்று நினைத்துக் கடந்து போய்க்கொண்டிருந்தேன்! அம்மா ஏற்கெனவே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார், தோட்டத்துக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பத்து கிலோ இட்லி அரிசி, மாமா கொடுத்த மட்டன் ஊறுகாய் என்று பட்டியல் நீள்கிறது. சரிதானே?

சைத்தாமா_அண்ணாச்சி

ஐயோ, உடனே போன் போடுங்கள். மட்டன் ஊறுகாய் கண்டிப்பாகக் கூடாது, இறைச்சி சேர்ந்தது எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், நாய் வைத்துத் தேடுகிறார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. சிட்ரஸ் கிரீனிங் என்ற நோய் உள்ளே வந்து ஆரஞ்சுத் தோட்டங்கள் போய்விடும் என்ற பயத்தில் இந்தியாவிலிருந்து பச்சை இலைக்குத் தடை. முருங்கைக்காய், அரிசி, பருப்பு போன்றவற்றுக்கு இந்தியாவில் வாங்கின தாவர நலச் சான்றிதழ் வேண்டும், நரிதா விமான நிலையத்தில் தாவரத் தனிமைப்படுத்தல் (செடி நோய்ச் சோதனை) கவுண்டரிலும் காட்ட வேண்டும். பத்து கிலோவுக்காக அம்மாவை அந்த வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கடை சீல் உள்ள பொடி வகைகள், புளி, காய்கறி ஊறுகாய், அப்பளம், கட்டிப் பெருங்காயம், அப்புறம் அந்த மிக்ஸி. பெட்டி நிறைந்துவிடும். கறிவேப்பிலைக்கு இங்கேயே நாற்று விற்கிறார்கள், இணையத்தில் தேடுங்கள், தொட்டியில் வையுங்கள், நவம்பரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று இடுப்பு உயரம் நிற்கிறது, சைத்தாமா பக்கம் வந்தால் பறித்துத் தருகிறேன்.