பாட்டுக் கோப்புகள், ஃபோல்டர்களுக்குப் பெயர் வைப்பது: எந்த முறை நிலைத்து நிற்கும்?

தம்புரா_ஸ்ருதி (கேள்வி)

சுமார் 600 ஜிபி பாட்டு சேர்ந்திருக்கு. பாதி சிடியிலிருந்து ரிப் செய்த (கணினியில் ஏற்றிய) ஃப்ளாக், அதாவது தரம் குறையாத ஒலிக்கோப்பு, மீதி எம்பி3. பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு: "01. தலைப்பு", "தலைப்பு - பாடகர்", "ட்ராக் 7". சில ஃபோல்டர் தமிழில், சிலது ஆங்கிலத்தில். திரைப்பட ஆல்பம், கச்சேரி ரெக்கார்டிங், மேற்கத்திய சாஸ்திரிய இசை, தொகுப்பு ஆல்பம் எல்லாம் கலந்து கிடக்கு. லினக்ஸ் சர்வரில் வைத்து விண்டோஸ், மேக், ஃபோன், கார் எல்லாவற்றிலும் கேட்கணும்.

ஃபோல்டர் அடுக்கு எப்படி இருக்கணும்? பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா? மொத்தமா பெயர் மாற்றும்போது எதெல்லாம் உடையும்? ஒருமுறை செய்துவிட்டு மறுபடி தொடாமல் இருக்கிற மாதிரி வேணும்.

---

நெடுங்கோப்பு

பெயரில் கை வைக்கும் முன் டேக்கை, அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் தலைப்பு, கலைஞர், ஆண்டு போன்ற விவரங்களை, சரி செய்யுங்கள். டேக் ஒழுங்காக இருந்தால் கோப்புப் பெயரை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து உருவாக்கிவிடலாம். பெயரிலிருந்து டேக்கை எடுப்பது பெரும்பாலும் ஊகம்தான். டிஸ்க் கெட்டுப்போய்க் கோப்புகளை மீட்கும்போது பெயர்கள் தொலைந்துவிடும். டேக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் தப்பிக்கும். வேவ் கோப்புகள் இருந்தால் ஃப்ளாக்காக மாற்றிவிடுங்கள். தரம் குறையாது, டேக்கும் ஒழுங்காக நிற்கும்.

என் பரிந்துரை மூன்றே அடுக்கு:

ஆல்பம் கலைஞர் / ஆண்டு - ஆல்பம் / 01 தலைப்பு

ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் "1-01 தலைப்பு", "2-01 தலைப்பு". டிஸ்க்குக்கு ஒரு உள்ஃபோல்டர் போடாதீர்கள். ஃபோல்டரை மட்டும் பார்க்கும் ப்ளேயர்கள் அதை இரண்டு ஆல்பமாக எடுத்துக்கொள்ளும், கவர் படத்தையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டிவரும்.

இதில் உயிர்நாடி "ஆல்பம் கலைஞர்" என்கிற டேக். "கலைஞர்" டேக் வேறு, இது வேறு. ஆறு பாட்டுள்ள திரைப்பட ஆல்பத்தை ஒன்பது பேர் பாடியிருந்தால், கலைஞர் டேக்கை வைத்து ஃபோல்டர் போட்டதும் ஒரே ஆல்பம் ஆறு இடத்தில் சிதறும். ஆல்பம் கலைஞர் இடத்தில் இசையமைப்பாளர் பெயர், எல்லா ட்ராக்கிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி. பாடியவர்கள் கலைஞர் டேக்கில் போகட்டும். தொகுப்பு ஆல்பத்துக்கு "பல கலைஞர்கள்" என்று ஒரே பெயர். அங்கே மட்டும் கோப்புப் பெயரிலும் பாடகரைச் சேருங்கள்: "01 பாடகர் - தலைப்பு".

இனிஷியல்தான் ஓசைப்படாமல் கெடுக்கும். "கே.ஆர்." என்று ஒட்டி எழுதியது ஒரு ஃபோல்டர், "கே. ஆர்." என்று இடம் விட்டது இன்னொரு ஃபோல்டர், புள்ளியே இல்லாதது மூன்றாவது. ஒட்டி எழுதுவதா விட்டு எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ட்ராக் எண் எப்போதும் இரண்டு இலக்கம். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் எண்ணை எண்ணாகவே படித்து 2-க்குப் பின் 10 என்று காட்டுவதால் குறை அங்கே தெரியாது. கார் ஸ்டீரியோவோ டெர்மினலோ எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் 1, 10, 11, 2 என்று வரும். ஒரு ஆடியோ சிடியில் அதிகபட்சம் 99 ட்ராக்தான் என்பதால் மூன்றாம் இலக்கம் தேவைப்படாது.

ஆண்டு என்றால் முதன்முதலில் வெளியான ஆண்டு. மறுவெளியீடாக இருந்தால் அந்த ஆண்டைக் கடைசியில் அடைப்பில் போடலாம்: "1974 - ஆல்பம் [1995]". இசை வகை, பிட்ரேட், மொழி எதுவும் பெயரில் வேண்டாம். ஒரு ஆல்பம் இரண்டு வகைக்குள் அடங்கும். ஃபோல்டரோ ஒன்றுக்குள்தான் இருக்க முடியும். ஒரே ஆல்பம் சாதா ரிப்பாகவும் 24 பிட்டாகவும் இரண்டு பிரதி இருந்தால் மட்டும் "[24-96]" (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) என்று ஒட்டுங்கள்.

சர்வர் லினக்ஸாக இருந்தாலும் விண்டோஸின் விதிகளையே பின்பற்றுங்கள், அதுதான் இருப்பதிலேயே கறாரானது. : ? * " | / \ ஆகியவையும் இரண்டு கோண அடைப்புகளும் கூடாது. முன்சாய்கோடு எங்குமே கூடாது. முக்காற்புள்ளிக்குப் பதில் " -", சாய்கோட்டுக்குப் பதில் "-", கேள்விக்குறியை விட்டுவிடுவது என்று மாற்றீட்டையும் நிரந்தரமாக முடிவு செய்துகொள்ளுங்கள். இதெல்லாம் பெயருக்கு மட்டும். டேக்கில் அசல் தலைப்பு அப்படியே இருக்கட்டும்.

பலர் கவனிக்காதது கடைசிப் புள்ளி. "..." என்று முடியும் தலைப்பில் லினக்ஸ் ஃபோல்டரை உருவாக்கிவிடும், விண்டோஸ் பெயரின் இறுதியில் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் வெட்டிவிட்டுத் தேடும், ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும் ஆனால் திறக்காது. புள்ளியில் தொடங்கினால் லினக்ஸிலும் மேக்கிலும் அது மறைந்த கோப்பு.

---

பைட்_கணக்கன்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். தமிழில் பெயர் வைப்பதில் உள்ள சிக்கல்களை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் நீளம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. "கண்ணோட்டம்" நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 10 குறியீடு, 30 பைட். ஆக ஒரு பெயரில் 85 குறியீடு, அதாவது சுமார் 50 எழுத்துதான் கொள்ளும், அதிலும் எக்ஸ்டென்ஷனுக்கு இடம் விடணும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை தமிழ்க் குறியீட்டை ஒன்றாகவே எண்ணி 255 வரை விடும். அதனால்தான் விண்டோஸில் ஒழுங்காக இருந்த கோப்பு லினக்ஸுக்குக் காப்பி ஆகும்போது "பெயர் மிக நீளம்" என்று நிற்கும். சர்வரில் ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் என்க்ரிப்ட் செய்த ஃபோல்டர் என்றால் இன்னும் மோசம்: 143 பைட், தமிழில் 47 குறியீடு. பெயரில் ராகம், தாளம், படம், பாடகர் எல்லாவற்றையும் அடைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

விண்டோஸில் வேறு எல்லை: டிரைவ் எழுத்திலிருந்து கடைசி வரை முழுப் பாதைக்கும் 260. விண்டோஸ் 10-இல் 2016-க்குப் பிறகு அதைத் தளர்த்த வழி உண்டு, ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் அதற்கு ஒத்துவர வேண்டும். நம்பி இறங்காதீர்கள்.

அடுத்தது, பார்க்க ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெயர்கள். "கொ" என்பதை க + ொ என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், க + ெ + ா என்று மூன்றாகவும் வைக்கலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறை பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். மேக்கிலிருந்து ஆர்சிங்க் (கோப்புகளைக் காப்பி எடுக்கும் கருவி) போட்டால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் அருகருகே நிற்பது இதனால்தான். லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றித்தரும். முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். தனியாகச் சொன்னால்தான் மாற்றும்.

அந்தக் கருவியாலும் முடியாத இரண்டு உண்டு. ஒன்று, "கௌ" என்பதை ெ போட்டு ள போட்டு அடித்தது. அச்சில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. இன்னொன்று "ஸ்ரீ". ஸ-வில் தொடங்கும் ஸ்ரீயும் ஶ-வில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். பாட்டுத் தலைப்புகளில் ஸ்ரீக்குப் பஞ்சமா? ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேடி-மாற்றிவிடுங்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய தலைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகளும் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

வரிசை: எளிய கருவிகள் குறியீட்டெண் வரிசையில்தான் அடுக்கும். ந-வுக்கு அடுத்து ன வரும், ர-வுக்கு அடுத்து ற. புள்ளி கடைசியில் இருப்பதால் "பக்தி" என்பது "பகல்" என்பதற்குப் பின்னால் போகும், அகராதியில் நேர்மாறு. இதற்காகப் பெயரைத் திருகாதீர்கள். வரிசைக்கென்றே தனி டேக் இருக்கிறது.

எந்த எழுத்து என்பதற்கு என் பதில்: தமிழ் ஆல்பங்களுக்குத் தமிழே. ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள், அதுவே நாலு ஃபோல்டர் ஆகும். டேக் எழுதிப் பெயர் மாற்றும் பிக்கார்டு மென்பொருளில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள்) அல்லாத எழுத்தை மாற்று என்ற தேர்வை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள். தமிழ் முழுவதும் வெறும் அடிக்கோடுகளாகிவிடும்.

எம்பி3-க்கு ஒரு வார்த்தை. அதன் டேக் வடிவமான ஐடி3-இன் வெர்ஷன் 1-இல் தலைப்புக்கு 30 பைட்தான், தமிழுக்கு ஆகாது. வெர்ஷன் 2.3-ஐ யூடிஎஃப்-16 குறியீட்டில் எழுதுங்கள், பழைய கருவிகளும் படிக்கும். பழைய டேக்குகள் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் திஸ்கியாக (பழைய தமிழ்க் குறியீட்டு முறை) இருக்க வாய்ப்புண்டு. லினக்ஸின் ஐகான்வ் கருவி திஸ்கியை யூனிகோடாக மாற்றும்.

---

ஓபஸ்67

இரண்டு பேரும் சொன்ன அமைப்பு பாட்டுக்குச் சரி, சாஸ்திரிய இசைக்கு அப்படியே போடாதீர்கள். பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியை எத்தனையோ இசைக்குழு நடத்துநர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "01 அலெக்ரோ கான் பிரியோ" என்ற பெயர் எதையும் சொல்லாது. இங்கே:

பீத்தோவன் / சிம்பொனி 5, ஓபஸ் 067 - க்ளைபர், வியன்னா பில்ஹார்மோனிக், 1974 / 01 அலெக்ரோ கான் பிரியோ

ஓபஸ் போன்ற படைப்புப் பட்டியல் எண்ணுக்கும் பூஜ்யம் நிரப்புங்கள். பீத்தோவன் ஓபஸ் 138 வரை, மோட்சார்ட்டின் கெஷல் எண் 626 வரை, இரண்டுக்கும் மூன்று இலக்கம். இசையமைப்பாளர் பாக்கின் எண்கள் 1000-ஐத் தாண்டுவதால் நான்கு.

ஒரே சிடியைப் படைப்பு வாரியாகப் பிரிக்கணும் என்ற ஆசை வரும். வேண்டாம். இதே க்ளைபர் பதிவு சிடியில் 7ஆம் சிம்பொனியோடு சேர்ந்து வந்தது. அதை இரண்டாக வெட்டினால் ட்ராக் எண்கள் 5-இல் தொடங்கும் ஒரு ஃபோல்டர் வரும், சிடியின் ரிப் லாகும் (ரிப் செய்ததன் பதிவு) க்யூ கோப்பும் (ட்ராக்குகளின் பட்டியல்) பொருந்தாமல் போகும். ஆல்பத்தை முழுதாக விட்டு, ஃபோல்டர் பெயரில் "சிம்பொனி 5, 7 - க்ளைபர்" என்று போடுங்கள்; "படைப்பு" டேக்கில் தேடிக்கொள்ளலாம்.

கச்சேரிக்கு இசையமைப்பாளர் முதலில் வரக்கூடாது, பாடியவர் முதலில்:

கலைஞர் / 1987-01-03 இடம் / 05 கீர்த்தனை - ராகம்

தேதி எப்போதும் ஆண்டு-மாதம்-நாள். நாள் தெரியாவிட்டால் 1987-01-00, வரிசை கலையாது. ஆலாபனையும் கீர்த்தனையும் தனி ட்ராக்காக இருந்தால் இரண்டிலும் ராகப் பெயர் இருக்கட்டும். இயற்றியவர் அதற்கான டேக்கில், தாளம் குறிப்பு டேக்கில்.

---

தம்புரா_ஸ்ருதி

ரொம்ப நன்றி. ஆல்பத்தை வெட்டாமல் வைப்பதென்று முடிவு. பெயர் மாற்றும் படிகளைச் சொல்லுங்களேன். ப்ளேலிஸ்ட் நிறைய இருக்கு. அதோடு, பென் டிரைவில் 01, 02 என்று சரியாகப் பெயர் இருந்தும் கார் வேறு வரிசையில் பாடுது.

---

நெடுங்கோப்பு

முதலில் மொத்தத்தையும் ஒரு பிரதி. பிறகு எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளில் மூன்று சல்லடை: ஆல்பம் கலைஞர் காலி, ட்ராக் எண் காலி, ஆண்டு காலி. இந்த மூன்றும் பூஜ்யம் ஆகும்வரை பெயர் மாற்றத்துக்குப் போகாதீர்கள். காலி டேக்கோடு ஓட்டினால் பெயரில்லாத ஒரே ஃபோல்டருக்குள் எல்லாம் குவியும், ஒரே பெயர்க் கோப்புகள் ஒன்றோடொன்று முட்டும்.

பிக்கார்டு பயன்படுத்தினால் முதல் சுற்றில் பெயர் மாற்றுவதையும் இடம் மாற்றுவதையும் அணைத்து வைத்து டேக் மட்டும் எழுதுங்கள். இரண்டாம் சுற்றில், ஒரு பத்து ஆல்பம் மட்டும்: ஒரு தொகுப்பு, ஒரு இரட்டை சிடி, ஒரு கச்சேரி, புள்ளியில் முடியும் தலைப்பு ஒன்று, மிக நீளமான தலைப்பு ஒன்று. இவை பிழைத்தால் மற்றதும் பிழைக்கும். எம்பி3டேகில் என்றால் ஆல்ட் விசையோடு 1; டேக்கிலிருந்து கோப்புப் பெயர். இலக்கு அதே டிஸ்க்கில் புது ஃபோல்டராக இருக்கட்டும். அதே டிஸ்க் என்றால் பெயர்ப் பதிவு மட்டும்தான் மாறும், 600 ஜிபியும் காப்பி ஆகாது. கவர் படம், ரிப் லாக் எல்லாம் பழைய ஃபோல்டரிலேயே அநாதையாகத் தங்கும். பிக்கார்டில் "கூடுதல் கோப்புகளையும் நகர்த்து" என்ற தேர்வில் அவற்றின் வகைகளைக் குறிப்பிடுங்கள்.

ப்ளேலிஸ்ட் எம்3யு கோப்பு பாதைகளின் வெறும் பட்டியல். பெயர் மாறியதும் செத்துவிடும். பெயர் மாற்றும் மென்பொருளிலேயே பழைய பாதை, புதுப் பாதை இரண்டையும் ஒரு பட்டியலாக எடுத்து வைத்து, ப்ளேலிஸ்ட்டுகளில் தேடி-மாற்றுங்கள். தமிழ்ப் பெயர் இருப்பதால் எம்3யு8 ஆகவே சேமியுங்கள், டிரைவ் எழுத்து இல்லாத சார்புப் பாதையாக. க்யூ கோப்புக்குள்ளும் ஒலிக்கோப்பின் பெயர் எழுதியிருக்கும், அதையும் திருத்தணும்.

பேக்கப் ஆர்சிங்க் என்றால் பெயர் மாறிய கோப்பை அது புதுக் கோப்பாகவே எண்ணி 600 ஜிபியையும் மறுபடி அனுப்பும். அதே பட்டியலை வைத்து பேக்கப் டிஸ்க்கிலும் பெயர் மாற்றிவிட்டுப் பிறகு ஆர்சிங்க் ஓட்டுங்கள்; நேர முத்திரையும் அளவும் ஒத்தால் தாண்டிப் போகும். டேக் திருத்திய கோப்புகள் மட்டும் போகும். போர்க், ரெஸ்டிக் போன்ற பேக்கப் கருவிகள் உள்ளடக்கத்தைப் பார்ப்பவை என்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

முடிந்தபின் ஃப்ளாக்கின் சோதனைக் கட்டளையை எல்லா ஃப்ளாக் கோப்பிலும் ஓட்டுங்கள். ஒலித் தரவின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. டேக் மாறினாலும் அது மாறாது.

காரில் குறை பெயரில் இல்லை. பல கார் ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை; பென் டிரைவின் ஃபேட்32 கோப்பு அட்டவணையில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும். ஒன்று, பென் டிரைவைக் காலி செய்து பெயர் வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யணும். இல்லையென்றால் ஃபேட்சார்ட் என்ற கருவியால் அட்டவணையை வரிசைப்படுத்தணும். ஃபேட்சார்ட் ஓட்டும் முன் டிரைவை அன்மவுண்ட் செய்ய மறக்காதீர்கள்.