சென்னை வர்றோம், சினிமா செட் எங்க பார்க்கலாம்?

தாமிரபரணி_கரை:
ஜனவரி கடைசியில குடும்பத்தோட சென்னை வர்றோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, கறுப்பு வெள்ளைப் பட ரசிகர். பையனுக்கு அரண்மனை மாதிரி பெரிய செட் பார்க்கணுமாம். நெட்ல தேடினா தரமணி ஃபிலிம் சிட்டி, ஈ.வி.பி., ஏவிஎம், ஜெமினின்னு வரிசையா வருது. இதுல எதுக்குள்ள நிஜமாவே விடுவாங்க? ஷூட்டிங் பார்க்க வழி இருக்கா? ஐயாயிரம் கொடுத்தா ஸ்பாட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தர் மெசேஜ் அனுப்புறார். நம்பலாமா?

ஆற்காடு_ரோடு:
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: நம்பாதீங்க. ஷூட்டிங்குக்குள்ள ஆளை விடுறதும் விடாததும் அந்தப் படக் கம்பெனி கையில இருக்கு. ஸ்டூடியோக்காரருக்கே அதுல பேச்சு கிடையாது. காசு வாங்கிட்டு கேட் வரைக்கும் கூட்டிட்டு வந்து, "இன்னைக்கு பேக்கப் ஆயிடுச்சு சார்"னு சொல்றதுதான் வழக்கமான கதை.

நீங்க எடுத்த பட்டியல் ரொம்பப் பழசு. தரமணி ஃபிலிம் சிட்டி 1994ல வந்தது. ஒரு காலத்துல சுற்றுலா பஸ் நின்ன இடம்தான், ஆனா நிலத்துல பெரும் பங்கு ஐ.டி. கட்டடங்களுக்குப் போயிடுச்சு. அரசு திரைப்படக் கல்லூரி இருக்கு, ஆனா அது படிக்கிறவங்களுக்கான இடம். செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. முன்னாடி தீம் பார்க்கா இருந்தது, அதனாலதான் இன்னமும் சுற்றுலாப் பட்டியல்ல வருது. இப்ப அது வாடகை ஸ்டூடியோ. 2020 பிப்ரவரியில அங்க ஒரு ஷூட்டிங்ல கிரேன் சரிஞ்சு மூணு பேர் இறந்தாங்க. வேடிக்கை பார்க்க வர்றவங்களை எந்த யூனிட்டும் ஏன் விரும்பாதுன்னு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்துல பார்க் ஹோட்டலும் பார்சன் காம்ப்ளெக்ஸும் நிக்குது. மேம்பாலத்துக்கிட்ட இருக்கிற குதிரைச் சிலை குதிரைப் பந்தயத்தை ஒழிச்சதுக்காக வச்சது, ஸ்டூடியோவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அங்க செல்ஃபி எடுத்து "ஜெமினி ஸ்டூடியோ"ன்னு போடுறவங்க நிறைய பேர்! வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்துல இப்ப மாலும் ஆஸ்பத்திரியும்.

அப்பாவுக்குன்னா ஏவிஎம் அருங்காட்சியகம்தான். 2023 மே மாசம் திறந்தாங்க. பழைய கேமரா, லைட், ஒலிப்பதிவு சாமான், வரிசையா பழைய கார்கள். வடபழனி மெட்ரோவுல இறங்கி ஆற்காடு சாலையில மேற்கே நடங்க. ஆட்டோ எடுத்தா டிராஃபிக்ல நிக்கிற நேரம்தான் அதிகம். ஸ்டூடியோ வேற, அருங்காட்சியகம் வேற. மியூசியம் டிக்கெட்டைக் காட்டி ஷூட்டிங் நடக்கிற ஃப்ளோர் பக்கம் போக முடியாது.

மூணாம்_ரீல்:
அப்பா எம்.ஜி.ஆர். ரசிகர்னா தி.நகர் ஆற்காடு தெருவுல இருக்கிற நினைவு இல்லத்தை விட்டுடாதீங்க. அவரோட 4777 நம்பர் அம்பாசிடர் கார் இருக்கு. 1969ல வந்த 'அடிமைப்பெண்' படத்துல நடிச்ச சிங்கத்தையும் பாடம் பண்ணி வச்சிருக்காங்க. இடம் சின்னது, ஒரு மணி நேரம் போதும். செவ்வாய்க்கிழமை மட்டும் வச்சுக்காதீங்க, லீவு. ஈசிஆர் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் அன்னைக்குத்தான் லீவு. அங்க இருக்கிறது செட்டுக்கு நேர் எதிர்: நிஜமான செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. கதவு, தூண், முற்றம் எல்லாமே அசல்.

பிளைவுட்_பாலு:
சென்னையில் பெரிய செட் ஏன் நிற்பதில்லை என்று பையன் கேட்டால் சொல்லுங்கள். ஃப்ளோர் வாடகை நாள் கணக்கில் ஏறும். அதனால் ஷூட்டிங் முடிந்ததும் அடுத்த படத்துக்கு இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். செட் என்பது சவுக்குக் கட்டை அல்லது இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் அச்சில் வார்த்து ஒட்டிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கடைசியாகப் பெயின்ட். சிலை, தூண் தலை போன்றவை ஃபைபரில் வரும். கேமரா பார்க்கும் பக்கத்துக்குத்தான் இத்தனை வேலையும். பின்பக்கம் போனால் வெறும் முட்டுக்கொடுத்த கட்டைகள். மேலிருந்து லைட் விழ வேண்டும் என்பதால் பல அறைகளுக்குக் கூரையே இருக்காது. திறந்த வெளியில் போட்டால் பிளாஸ்டர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நீர் இறங்கி உப்பி, ஓரத்திலிருந்து பெயரும். வருடக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே செங்கல், சிமென்ட், ஃபைபர் என்று திட்டமிட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றைப் பார்க்க ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குப் போவதுதான் வழி.

ஆற்காடு_ரோடு:
லைட் போட்ட ஃப்ளோரை சென்னையிலயே பார்க்க ஒரு நேர்வழி இருக்கு: டி.வி. ரியாலிட்டி ஷோவுக்கு ஆடியன்ஸா போறது. சேனல் அறிவிப்பு மூலமாவும் போகலாம், ஆடியன்ஸ் ஏற்பாடு பண்ற ஏஜென்ட் மூலமாவும் போகலாம். இதுக்கு நாம காசு கொடுக்கக் கூடாது. பல ஷோவுல சாப்பாடு போட்டு சின்னத் தொகை அவங்களே கொடுப்பாங்க. யாராவது காசு கேட்டா அங்கேயே கட் பண்ணிடுங்க.

ஆனா ஒரு நாள் முழுக்கப் போயிடும். ஒரு மணி நேர எபிசோடுக்குப் பத்து மணி நேரம் உட்கார வைப்பாங்க, நடுவுல எழுந்து வர விடமாட்டாங்க, போனை வாங்கி வச்சிடுவாங்க. ஏசி கடுமையா இருக்கும், அதனால அப்பா வேண்டாம். சட்டையில பொடிக் கட்டம், மெல்லிய கோடு இருந்தா கேமராவுல நெளியும். கம்பெனி லோகோ இருந்தா மாத்தச் சொல்வாங்க, இல்லன்னா பின்வரிசைதான்.

நைட்_பஸ்:
ராமோஜி போறதா இருந்தா ஒரு விஷயம் கவனிங்க. சென்னையிலிருந்து ஹைதராபாத் போற பஸ் நெல்லூர், ஓங்கோல் தாண்டி அத்தங்கி வழியா போனாலும் சரி, விஜயவாடா வழியா போனாலும் சரி, கடைசியில விஜயவாடா நெடுஞ்சாலையிலதான் ஏறும். ஃபிலிம் சிட்டியும் அதே சாலையில, ஊருக்கு முன்னாலேயே இருக்கு. ரயில்ல போனா ஊருக்குள்ள இறங்கி, முப்பது கிலோமீட்டர் மாதிரி திரும்பி வரணும்.

அதுக்காக கேட் வாசல்லயே இறங்கிடாதீங்க. பஸ் விடிகாலையில சேர்ந்துடும், கேட் திறக்குறது ஒன்பது மணிக்கு. பெட்டியோட நடுரோட்ல நிக்கணும். ஹைதராபாத் எல்.பி. நகர் வரைக்கும் போய், லாட்ஜ்ல குளிச்சு, பெட்டியை வச்சுட்டு, சுமார் இருபது கிலோமீட்டர் கார்ல திரும்புங்க. சாயங்காலம் சென்னை பஸ்ஸும் எல்.பி. நகர்லயே ஏறலாம். இல்லன்னா உள்ளேயே தாரா, சிதாரா ஹோட்டல் இருக்கு, செலவு கூட.

டிக்கெட்டை ஆன்லைன்ல முன்கூட்டியே எடுங்க. உள்ள போனதும் பலர் முதல் முற்றத்துக் கடைகளிலேயே நேரத்தைத் தொலைச்சுட்டு, மத்தியானம் பஸ் வரிசையில நிக்கிறாங்க. காலையில முதல் வேலையா சிவப்புத் திறந்த பஸ்ல ஏறி செட் சுத்திடுங்க. ரயில் நிலையம், விமான நிலையம், ஜெயில், சாமி இல்லாத கோயில் எல்லாம் அதுலதான் வரும். கதைக்கு எந்த சாமி வேணுமோ அதைக் கொண்டு வந்து வைப்பாங்க. வழிகாட்டி பேசுறது பெரும்பாலும் இந்தி, தெலுங்கு. பையன் கேட்ட அரண்மனைன்னா பாகுபலி செட். அங்க இறங்கி நடக்கணும், நிழல் குறைவு, அதனால வெயில் ஏறுறதுக்குள்ள முடிங்க. ஸ்டன்ட் ஷோவுக்கெல்லாம் குறிச்ச நேரம் உண்டு. நுழையும்போதே நேரம் போட்ட பலகையைப் போட்டோ எடுத்துக்குங்க. வெளிச்சாப்பாடு விடமாட்டாங்க.

ஜனவரி 26 ஒட்டி வேண்டாம், கூட்டம் நெரியும்.

தாமிரபரணி_கரை:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. ராமோஜி தாங்குவாரா?

நைட்_பஸ்:
தூரத்தை பஸ் பார்த்துக்கும். கஷ்டம் அந்த பஸ்ல ஏறி இறங்குறதும், வரிசையில நிக்கிறதும்தான். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இறங்கி ஏறணும், படியும் உயரம். மடக்கு ஸ்டூல் ஒண்ணு கையில இருக்கட்டும், கேட்ல விடுவாங்களான்னு புக் பண்ணும்போதே கேட்டுக்குங்க. ராத்திரி பஸ்ல முழங்கால் மடக்கி உட்கார்ந்து வந்த மறுநாளே இதையும் வைக்காம, ஒரு நாள் இடைவெளி விடுங்க. முடியாதுன்னா நீங்களும் பையனும் மட்டும் போயிட்டு வாங்க. அப்பாவுக்கு வடபழனியும் தி.நகரும் ஒரே நாள்ல முடியும், செவ்வாய் தவிர.