பீகிள்போன் பிளாக்கில் ஏஇஎஸ் வேகம் நொடிக்கு 2.4 ஜிபியா? எங்கே தப்பு?

கேள்வி

வணக்கம். கையில் இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சின்ன ஒற்றை போர்டு கம்ப்யூட்டர்: ஏஎம்3358 சிப், 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் ஏ8, 512 எம்பி ரேம். சென்சார் அளவீடுகளை டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு முறை) வழியாக எம்க்யூடிடி (சின்ன மெசேஜ்களுக்கான நெறிமுறை) சர்வருக்கு அனுப்பும் ஒரு கேட்வே செய்துகொண்டிருக்கிறேன். சிப்புக்குள்ளேயே ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்குத் தனி வன்பொருள் உண்டு என்று படித்ததும் ஆசை வந்துவிட்டது. இரண்டு நாள் மல்லுக்கட்டி அந்த வன்பொருளைப் புரோகிராம்களுக்குத் திறந்துவிடும் கிரிப்டோதேவ் மாட்யூலைக் கம்பைல் செய்து, ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 என்ற என்கிரிப்ஷன் நூலகத்தில் அதைப் பயன்படுத்தும் டெவ்கிரிப்டோ என்ஜினை ஓட வைத்துவிட்டேன்.

அதன் வேகம் அளக்கும் ஸ்பீட் கட்டளையில் ஏஇஎஸ்-128 சிபிசி (ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் ஒரு முறை), 8192 பைட் பிளாக். வெறும் சாஃப்ட்வேரில் நொடிக்கு 40 எம்பியை ஒட்டி வந்தது. என்ஜினோடு ஓட்டினால் 2.4 ஜிபி! ஆனால் நிஜமான ஒரு ஃபைலை என்கிரிப்ட் செய்து பார்த்தால் முன்பைவிட மெதுவாகத்தான் முடிகிறது. திரையில் வந்த வரி: 3 நொடி ஓட்டம், 9000 முறை, 0.03 நொடியில். எதை நம்புவது?

பதில் 1

நண்பரே, விடை நீங்கள் கொடுத்த வரியிலேயே இருக்கிறது. அந்த 0.03 நொடி உங்கள் புரோகிராம் தன் சொந்தக் கோடை ஓட்டச் செலவழித்த சிபியு நேரம் (யூசர் நேரம்) மட்டும். கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையம்) செலவான நேரமும், வன்பொருள் வேலையை முடிக்கட்டும் என்று அங்கே தூங்கிய நேரமும் அதில் சேரவில்லை. ஸ்பீட் கட்டளை சும்மா விட்டால் இந்த யூசர் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். எலாப்ஸ்ட் ஆப்ஷனைச் சேர்த்தால்தான் சுவர்க் கடிகார நேரத்தைப் பார்க்கும்.

கையாலேயே போட்டுப் பாருங்கள். 9000 × 8192 என்றால் சுமார் 73.7 எம்பி. அதை 0.03-ஆல் வகுத்தால் உங்கள் 2.4 ஜிபி. 3-ஆல் வகுத்தால் 24.6 எம்பி. இரண்டாவதுதான் உண்மை.

இன்னொன்று, அந்த போர்டில் இருப்பது 16 பிட் அகல டிடிஆர்3 மெமரி. ஏட்டளவில்கூட நொடிக்கு 1.6 ஜிபிக்கு மேல் போகாது. மெமரியே தர முடியாத வேகத்தில் எதை என்கிரிப்ட் செய்வது?

கேட்டவர்

அட, ஆமாம்! எலாப்ஸ்ட் போட்டதும் 24-க்கு இறங்கிவிட்டது. 16 பைட் பிளாக்கில் 1 எம்பியைக்கூடத் தொடவில்லை. அப்படியென்றால் வன்பொருள் சாஃப்ட்வேரைவிட மெதுவா? இரண்டு நாள் உழைப்பு வீணா?

பதில் 2

வீண் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பிளாக்குக்கும் கர்னலுக்குள் போய், டிஎம்ஏவை (சிபியு இல்லாமலே தரவை நகர்த்தும் வன்பொருள்) தயார் செய்து, இன்டரப்ட் (வேலை முடிந்தது என்ற சைகை) வரும்வரை காத்திருந்து திரும்ப வேண்டும். 16 பைட்டுக்கு இவ்வளவு சடங்கு என்றால் கல்யாணச் செலவைவிடப் பத்திரிகைச் செலவு அதிகமான கதைதான். அதிலும் இந்த வன்பொருளை இயக்கும் ஓமாப் டிரைவர் சுமார் 200 பைட்டுக்குக் குறைந்தவற்றை வன்பொருளுக்கு அனுப்பாமல் கர்னலிலேயே சாஃப்ட்வேரில் முடித்துவிடும். சின்ன பாக்கெட்டுக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும்தான் மிச்சம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 3 நொடியில் வன்பொருளுக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் சிபியு சும்மா இருந்தது. அதற்கு வேறு வேலை இருந்தால் 24 எம்பிகூட நல்ல பேரம். இரண்டு முறையிலும் சிபியு எத்தனை சதவீதம் போகிறது என்று குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம், கவர்னர் (சிபியு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) என்ன? ஆன்டிமாண்டில் இருந்தால், வன்பொருள் உழைக்கும்போது சிபியு சும்மா இருப்பதாக நினைத்து 300 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காப்பி செய்யும் வேலையும் கூடவே படுத்துவிடும். பெர்ஃபார்மன்ஸ் கவர்னருக்கு மாற்றி அளவெடுங்கள். வன்பொருள்தான் ஓடுகிறதா என்று உறுதி செய்ய, கர்னலின் கிரிப்டோ பட்டியலில் ஓமாப் பெயரோடு சிபிசி டிரைவர் இருக்கிறதா, ஓட்டும்போது இடிஎம்ஏ (இந்தச் சிப்பின் டிஎம்ஏ) இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

பதில் 3

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எல்லோரும் சிபிசியையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். கேட்டவரின் வேலை டிஎல்எஸ். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 இரு பக்கமும் இருந்தால் டிஎல்எஸ் 1.3-தான் பேசும். அதில் சிபிசி கிடையவே கிடையாது; ஏஇஎஸ்ஸின் ஜிசிஎம், சிசிஎம் முறைகள், சாச்சா20-பாலி1305 என்ற வேறொரு என்கிரிப்ஷன், இவ்வளவுதான். டெவ்கிரிப்டோ என்ஜின் ஜிசிஎம்மைத் தொடாது. ஆகவே அந்த வன்பொருள் உங்கள் இணைப்பில் ஒரு பைட்டைக்கூடப் பார்க்கப் போவதில்லை.

கார்டெக்ஸ் ஏ8-இல் நியான் (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் பகுதி) உண்டு. ஏஇஎஸ்ஸுக்குத் தனிக் கட்டளைகள் இல்லாத இந்த மாதிரி ஏஆர்எம் சிப்களில் சாச்சா நன்றாக ஓடும். அதையும் ஜிசிஎம்மையும் ஸ்பீட் கட்டளையின் இவிபி ஆப்ஷனோடு, உங்கள் நிஜ மெசேஜ் அளவில் ஓட்டுங்கள். பைட்ஸ் ஆப்ஷனில் அளவைக் கொடுக்கலாம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் புதிதாக இணைகிறீர்களா? அப்படியானால் இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்தான் சிபியுவைத் தின்னும், ஈசிடிஎஸ்ஏ (டிஜிட்டல் கையொப்ப முறை) வேகத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன். கவர்னர் ஆன்டிமாண்டில்தான் இருந்தது. மாற்றிவிட்டு என் 180 பைட் மெசேஜில் ஓட்டினால், சாச்சா ஜிசிஎம்மைத் தாண்டி நிற்கிறது. என் தேவைக்கு இரண்டுமே தாராளம். பதில் 3 சொன்னது சரி: மெசேஜுக்கு ஒரு இணைப்பு என்று எழுதி வைத்திருந்தேன். ஒரே இணைப்பைத் திறந்தே வைத்ததும் டாப் கட்டளையில் காட்டும் சிபியு அளவு சட்டென்று விழுந்துவிட்டது. கிரிப்டோதேவைக் கழற்றிவிட்டேன். நன்றி அண்ணன்களே. நாளைக் காலைக் கூட்டத்துக்கான ஸ்லைடில் 2.4 ஜிபி என்று தடித்த எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன், முதலில் அதை அழிக்கிறேன்.