பேரனை விட்டு வந்தேன், தூக்கமும் மனசும் இன்னும் ஊர் வந்து சேரவில்லை

திருவொற்றியூர் பாட்டி:
மகள் பிரசவத்துக்காக நியூஜெர்சி போய், ஆறு மாசம் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். ராத்திரி இரண்டு மணிக்கு டக்கென்று விழிப்பு வந்துவிடுகிறது. அங்கே அப்போது சாயங்காலம் நாலரை, பேரன் எழுந்து பாலுக்கு அழுகிற நேரம். தட்டிக்கொடுக்கக் கை தானாகப் பக்கத்தில் தேடுகிறது. அப்புறம் விடிகிறவரை கொட்டக்கொட்ட முழிப்பு. காலை பத்து மணிக்குச் சோறு வடிக்கும்போது கண் சொருகுகிறது.

வீட்டிலும் எனக்கு இடம் பிடிபடவில்லை. இவர் தனியாக இருந்து பழகிவிட்டார். அஞ்சறைப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கடையில் வாங்கிய குழம்புத்தூள் ஒன்றை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறார். காலையில் தெருமுனைக் கடையில் இட்லி, அங்கேயே கூட்டாளிகளோடு பேச்சு. அவர் நன்றாக இருந்தார் என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் இனி எனக்கு இங்கே என்ன வேலை?

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அமெரிக்கா எப்படி?" என்கிறார்கள். குளிப்பாட்டும்போது தலையில் தண்ணீர் பட்டால் அவன் எப்படி வாயைக் குவிப்பான் என்று கேட்க ஆள் இல்லை. இப்படிப் போய்வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

வியாசர்பாடி சுமதி:
அக்கா, தூக்கம் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அதிலும் மேற்கே போவதைவிடக் கிழக்கே திரும்புவதுதான் கஷ்டம். பகலில் வெயில் வெளிச்சம் படுகிற மாதிரி வெளியே இருங்கள். மதியம் அரை மணிக்கு மேல் படுக்காதீர்கள். சுகர், பிரஷர் மாத்திரை இருந்தால் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் போய்வந்தபோது முதலில் அதைத்தான் செய்தேன்.

ராயபுரம் கப்பல்காரன்:
அம்மா, நான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். மாசக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வந்தவுடனே பழைய இடத்தைப் பிடிக்கப் பார்க்கக்கூடாது என்பது என் அனுபவம். அய்யா அந்த இட்லிக் கடைக்குப் போகட்டும், அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு வேலையைப் பிடியுங்கள்.

எப்படியும் முழித்துத்தானே இருக்கிறீர்கள்? விடிவதற்குள் அய்யாவோடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதில் விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன்தான். இப்போது தடை முடிந்து பெரிய போட்டெல்லாம் கடலுக்குப் போய்வருகிறது. ஏல இரைச்சலும் ஐஸ் உடைக்கிற சத்தமும் அந்த நேரத்துக்கே களைகட்டிவிடும். சங்கரா மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். ஏலத்தில் கூடைக் கணக்கு, நமக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே கூறு போட்டு விற்கிற அம்மாக்களிடம் வாங்குங்கள்.

பேரனோடு பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி போனைக் கையில் எடுத்தால் தூக்கம் வரவே வராது.

திருவொற்றியூர் பாட்டி:
தம்பி, இன்று போய்வந்தோம். இவர் கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். நீங்கள் சொன்ன மாதிரி செவுள் பார்த்துத்தான் வாங்கினேன். மீனை வெட்டிக் கொடுத்த அம்மாவுக்கும் கைக்குழந்தைப் பேத்தி இருக்கிறாளாம். என் பேரன் வாயைக் குவிப்பதை அவரிடம் சொன்னேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அஞ்சறைப்பெட்டியை இவரே இறக்கிக் கொடுத்தார். வெந்தயம் வண்டு வைத்திருந்தது, கொட்டிவிட்டேன்.

சுமதி, மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டேன், ராத்திரித் தூக்கம் இப்போது நாலு மணிவரை ஓடுகிறது. மகளிடமும் பேசிவிட்டேன். தினமும் இங்கே சாயங்காலம் ஆறரை, அங்கே காலை ஒன்பது, குளிப்பாட்டுகிற நேரம். நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்களாம், அப்போது ஏழரைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.