நுவரெலியாவிலிருந்து பாசிக்குடா: போய்ச் சேரும் முதல் நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

நானுஓயா வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு இரவுகள் தங்குவதற்காகப் பாசிக்குடாவில் கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசோர்ட்டில் அறைகள் பதிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார், முழங்கால் வலியும் உண்டு. மகனுக்கு 6 வயது, கடலை இதுவரை நேரில் பார்த்ததில்லை. வாடகை வானில் வருகிறோம். பிற்பகல் 2 மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் புறப்படுவது நல்லது, அறையைப் பொறுப்பேற்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும், அன்றைக்கே அம்மாவையும் பிள்ளையையும் கடலில் இறக்கலாமா என்பதைப் போய் வந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதுளை வான்காரர்

நுவரெலியாவுக்கு ஏறிவிட்டால் அதன் பிறகு செங்கலடி வரை ஏ5 வீதியை விட்டு விலக வேண்டியதே இல்லை. ஹக்கல, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று போய், செங்கலடியில் இடப்பக்கம் திரும்பினால் வாழைச்சேனை வரும். அதற்கு அருகில்தான் பாசிக்குடா. தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தினால் ஏழு மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையிலுள்ள வளைவுகளில்தான் பிள்ளைகளுக்குத் தலைசுற்றும்; அதைத் தாண்டும்வரை வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

காலை 6 மணிக்குப் புறப்படுவதே சரி. மதியத்துக்குப் பிறகு கிளம்பினால் மகாஓயாப் பக்கக் காட்டு வீதியில் இருட்டிவிடும். அங்கே யானை நடமாட்டம் உண்டு. மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அந்த வெயிலில் இறங்கி வெந்நீரைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். விரும்பினால் பத்து நிமிடம் நிறுத்தலாம்.

கொட்டகலைத் தம்பி

அக்கா, நான் கிழக்குக் கரையோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறேன். முதலில், பெரியவர்கள் அனைவரும் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். உள்நாட்டவருக்கான கட்டணத்தில் பதிவு செய்தவர்களிடம் அதைக் கேட்பார்கள். பையின் அடியில் வைத்துவிட்டு, களைத்துப்போன பிள்ளையோடு நின்று தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அம்மாவுக்காகத் தரைத்தள அறையை இன்றைக்கே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வந்து நின்று கேட்டால், விடுமுறைக் காலத்தில் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதே அழைப்பில், சொன்ன விலைக்குள் பத்து வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் அடங்குமா, இரவுச் சாப்பாடு சேர்ந்ததா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். 2 மணிக்கு முன் வந்தாலும் பொதிகளை வாங்கி வைப்போம். மாற்றுத் துணியையும் மருந்துகளையும் ஒரு சிறு பையில் தனியாக எடுத்து வாருங்கள்.

அறைக்குள் போனதும் பொதிகளைப் பிரிப்பதற்கு முன்பே ஏசி, வெந்நீர்க் குழாய், கதவுப் பூட்டு, பெட்டகம் ஆகியவற்றை இயக்கிப் பாருங்கள். மாற்ற வேண்டுமானால் அந்த நேரத்தில் மாற்றுவது எங்களுக்கும் எளிது. குளியலறைத் தரை வழுக்குமா என்பதை அம்மா போவதற்கு முன் நீங்கள் போய்ப் பாருங்கள்.

ஊவாத் தாதி

சகோதரி, நீங்கள் கடலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். நானுஓயாவில் மழையாகப் பெய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, மலையைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தை இழந்து சூடேறி, மட்டக்களப்புப் பக்கம் கச்சானாக வீசுகிறது. கம்பளி போட்டுக்கொண்டு புறப்பட்ட உடம்பு ஒரே நாளில் அந்த அனலுக்குப் பழகிவிடாது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் குறைவது தெரியாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அம்மாவுக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில, உடம்பிலுள்ள நீரை வெளியேற்றுபவை. அவருடையது அந்த வகையா, அங்கிருக்கும் நாட்களில் எப்படி எடுப்பது என்பதைக் கிளினிக்கில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அறைக்குள் நுழைந்ததும் ஏசியை 18 பாகையில் வைப்பது நம் மலைநாட்டவர்களின் வழக்கம். 26 போதும். வெளியே அனலும் உள்ளே குளிருமாக மாறி மாறி நடந்தால் தலைவலிதான் மிஞ்சும்.

என் அபிப்பிராயத்தில் முதல் நாள் கடலே வேண்டாம். குளித்து, தூங்கி எழுந்து, மாலையில் கரையில் நடக்கட்டும்.

பதுளை வான்காரர்

தாதி அம்மா சொல்வது பெரியவருக்குப் பொருந்தும். ஆறு வயதுப் பிள்ளையைக் கடலைக் காட்டிவிட்டு அறையில் பூட்டி வைக்க முடியுமா? பாசிக்குடா கிழக்கு நோக்கிய கரை. 4 மணிக்குப் பிறகு சூரியன் முதுகுப் பக்கம் போய்விடுவதால் வெயிலின் கடுமை குறைந்துவிடும். குடாவுக்குள் நெடுந்தூரம் ஆழமில்லாமல் இருக்கும், அலையும் குறைவு. தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, படகுகள் வந்துபோகும் பக்கம் போகாமல், முழங்கால் அளவு நீரில் அரை மணித்தியாலம் நின்றால் ஒரு குறையும் வராது.

ஊவாத் தாதி

முழங்கால் என்று பிள்ளையின் முழங்காலைச் சொல்கிறீர்கள் என்றால் எனக்கும் சம்மதம். ஆழமில்லாத கடல் என்ற நம்பிக்கையில் கையை விட்டுவிடக் கூடாது. பவளக் கல் துண்டுகள் காலைக் கிழிக்கலாம் என்பதால் ரப்பர்ச் செருப்பு போட்டு இறக்குங்கள்.

நானுஓயா வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. தரைத்தள அறைக்கு இப்போதே அழைத்துக் கேட்டேன். ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்கள், எழுத்திலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பொதி கட்டுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கொட்டகலைத் தம்பி

தேங்காய் எண்ணெய்ப் போத்தல், அக்கா. நம் வீட்டில் வெள்ளையாக உறைந்து கிடப்பதால் மூடியை யாரும் இறுக்குவதில்லை. பிபிலை தாண்டுவதற்குள் அது உருகி, பைக்குள் இருக்கும் துணியெல்லாம் எண்ணெயாகிவிடும். மூடியை இறுக்கி, பொலித்தீன் பையில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும், அதுவும் திரும்பி வரும்போது வெலிமடைக்கு மேலேதான் தேவைப்படும்.